இருபது இருபதாகத்தான் காட்டும்

பதுளை வீதியில், கித்துள் தாண்டி,
தகரக் கொட்டிலுக்குள் இருந்து
டிப்பர்களை நிறுப்பது என் வேலை.
வெறும் வண்டிக்கு ஒரு நிறை,
கல்லோடு வரும்போது ஒரு நிறை.
கழித்தால் மலை.
ஒன்பது மாதமாய் மலையைக்
கழித்துக்கொண்டிருக்கிறேன்.

மேலே துளை போடுகிறவன் லோஜிதன்,
என் புருசன்.
அவனுக்குக் குருணாகல் பக்கத்திலிருந்து
கடிதம் வந்திருக்கிறது.
காரீயச் சுரங்கம். இரண்டாயிரம் அடி கீழே.
சிங்களக் கடிதத்தைச் சாரதி சமிந்த
ஸ்டியரிங்கில் விரித்து வாசித்தான்:
சேமலாப நிதி உண்டு,
காப்புறுதி உண்டு,
தலைக்கு விளக்கு உண்டு.
பதில் திங்களுக்குள்.

"மேலே எண்டா வாறது கண்ணுக்குத் தெரியும்.
கல் பறந்தா ஓடலாம்" என்றேன்.
"ஐப்பசியில பூபாலபிள்ளையர் ஓடினவர்தானே.
கல்லும் அந்தப் பக்கந்தான் ஓடினது."

கீழே வெயில் இல்லையாம்.
தண்ணீர் விட்டுத் துளைப்பதால்
தூசு பறக்காதாம்.
காலையில் கூரையைக் கம்பியால் தட்டுவார்களாம்.
கணீர் என்றால் வேலை.
தொம் என்றால் விலகு.
"தட்டுறவருக்குத் தடிமன் எண்டா?"
கேட்டேன்.
சிரித்தான். சிரிப்பு இருமலாகி,
முற்றத்துப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தான்.
சாம்பல் நிறம்.
மண்ணைக் காலால் தள்ளி மூடினான்,
நான் பார்க்கவில்லை என்று.

இரவு, கரண்ட் பில்லின் பின்புறத்தில்
மேல், கீழ் என்று கோடு கிழித்தேன்.
கீழ்:
பம்பு நின்றால்.
தூக்குக் கூட்டின் கம்பி.
காற்று.
எட்டு மணித்தியாலம் போன் எடுக்காது.
மேல் என்று தொடங்கியதும்
அவன் பெயருக்கு முன்னால் மற்றவர்கள் வந்தார்கள்.
நாலு மணிச் சங்குக்குப் பிறகு
ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நீளும் வெடிப்பு.
மார்கழியிலேயே அடி தெரிகிற
பரஞ்சோதி அக்காவின் கிணறு.
கைவிட்ட குழியில் மழைத்தண்ணீர்.
அதில் முதலில் இரண்டு எருமை,
பிறகு மிதுர்ஷன். ஒன்பது வயது.
ஒருவரும் கூலி வாங்கியதில்லை.

வெளியில் வெட்டினால் ஆபத்து
ஊர் முழுக்கப் பங்காகிறது.
கீழே போனால்
இறங்குகிறவனுக்கு மட்டும்.
'ஆகவே கீழ்தான் நியாயம்' என்று எழுதினேன்.
அந்த ஒருவன் பக்கத்தில்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுதியதை வெட்டினேன்.
வெட்டிய பிறகும் வாசிக்க முடிந்தது.

மண்ணை நம்புகிறவன் அவன்.
வாகரையில், பதினாலு வயதில்,
பதினேழு நாள் பங்கருக்குள் கிடந்தவன்.
"மேல போனவங்கதான் செத்த."
அதற்கு மேல் சொல்லமாட்டான்.
நானும் பங்கரில் இருந்தவள்தான்.
ஒவ்வொரு ஷெல்லுக்கும்
பனங்குற்றி இடுக்கால் கழுத்துக்குள் சொரிந்த மண்
எத்தனை குளித்தும் உள்ளே கிடக்கிறது.
ஒரே மண்.
அவனை மூடிக் காத்தது,
என்னை மூடப் பார்த்தது.

வெள்ளி பின்னேரம்
கடைசி டிப்பரும் போனபின்
தொப்பியைக் கழற்றாமல்
பாலத்தில் ஏறி நின்றான்.
"என்னை நிறு பாப்பம்."
ஐம்பது தொன் தாங்கும் பாலம்.
திரையில் அறுபது கிலோ.
கால் மாற்றினான்: எண்பது.
திரும்ப அறுபது.
"எதுகா சரி?"

இருபது இருபதாகத்தான் காட்டும்.
கல்லுக்கு அது போதும்.
இடையில் நிற்கிற மனிசனுக்கு
இந்த மெசினில் இலக்கம் இல்லை.
தலைமயிரில், இமையில், காது மடலில்
வெள்ளைக் கல்மாவோடு
பதிலுக்குக் காத்து நின்றான்.

"இறங்கு" என்றேன்.

இறங்கினான்.
அதன் பிறகும் இரண்டு செக்கன்
திரையில் அறுபது இருந்தது.